மூன்றாவது விரிசல்

உரமோதோ: பருந்துதான் தொகாவா சான். சொன்னா நம்புங்க. காலையில வாசல்ல மீன் பெட்டியை இறக்கிட்டு இருக்கேன், மேலேர்ந்து விர்ருனு வந்து... டொம்.

தொகாவா: மீனைத் தூக்க வந்த பருந்து.

உரமோதோ: ஆமா.

தொகாவா: வாசல்ல இருந்த மீனை விட்டுட்டு, உங்க சாப்பாட்டுக் கடையைச் சுத்திக்கிட்டுப் போயி, பின்னாடி சமையலறை ஜன்னல்ல மோதிச்சு.

உரமோதோ: வயசான பருந்து. கண்ணு சரியில்ல.

தொகாவா: வாசல்ல நின்ன உங்களுக்குப் பின்பக்க ஜன்னல் எப்படித் தெரிஞ்சுது?

உரமோதோ: ...சத்தம் கேட்டுதுன்னு சொல்ல வந்தேன். நீங்க சொல்ல விட்டாத்தானே.

தொகாவா: அந்த ஸ்டூலை இப்படிப் போடுங்க. நீங்களும் வாங்க. இங்க பாருங்க, ஏதாவது வந்து மோதினா மோதின இடத்துலேர்ந்து நாலா பக்கமும் கீறல் ஓடும். சிலந்தி வலை மாதிரி. இதுல நடுவுல ஒண்ணுமே இல்ல. கீறல் எங்க ஆரம்பிக்குது?

உரமோதோ: ஓரத்துல.

தொகாவா: சட்டத்துலேர்ந்து நேர்குத்தா ஒரு விரல் நீளம் வருது, அப்புறம்தான் வளைஞ்சு நெளிஞ்சு போகுது. பருந்து இவ்வளவு ஒழுங்கா கோடு போடாது. இது சூட்டுல வந்த விரிசல். வெயில்ல நடுக் கண்ணாடி காயுது. ஓரம் சட்டத்துக்குள்ள குளிர்ந்து கிடக்குது. நடு பெருக்கப் பாக்குது, ஓரம் விடமாட்டேங்குது. அந்த இழுபறியில ஓரம் கிழிஞ்சு போகுது.

உரமோதோ: நடு பெருக்கப் பாக்குது... அப்புறம்?

தொகாவா: டிசம்பர்ல கண்ணாடி மாத்த வந்தப்பவும் இதையேதான் சொன்னேன். ஜனவரியிலயும்.

உரமோதோ: நல்லா சொன்னீங்க. அதான் இன்னொரு தடவை கேக்கலாமேன்னு.

தொகாவா: டிசம்பர்லயாவது காரணம் இருந்துச்சு. குளிருக்குன்னு அந்த டப்பு டப்புனு வெடிக்கிற பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டி வச்சிருந்தீங்க.

உரமோதோ: இந்தத் துறைமுகத்துல அதை ஒட்டாத வீடு ஏது?

தொகாவா: இல்லதான். இது மாதிரி உள்ள கம்பி வலை வச்ச கண்ணாடியில மட்டும் ஒட்டக் கூடாதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. வருஷா வருஷம் குளிர்காலத்துல எனக்குச் சோறு போடறதே அந்த ஷீட்டுதான்.

உரமோதோ: சோறுன்னதும் ஞாபகம் வருது. உக்காருங்க. இந்த வருஷத்து முதல் சூரை மீன். இப்பத்தான் வைக்கோல்ல வாட்டினேன்.

தொகாவா: காலை ஒன்பது மணிக்கா?

உரமோதோ: மீனுக்கு மணி தெரியுமா? உப்பு மட்டும் தொட்டுச் சாப்பிடுங்க. பூண்டு பக்கத்துல இருக்கு.

தொகாவா: ...நல்லா இருக்கு. ஏன் இவ்வளவு தடிமனா வெட்டியிருக்கீங்க?

உரமோதோ: கத்தி மொண்ணை.

தொகாவா: உங்க கத்தியா?

உரமோதோ: இன்னிக்கு மொண்ணை. ...இருங்க, எனக்கு இப்பத்தான் பிடிபடுது. வைக்கோல் தீ! அதுதான் காரணம். குபுகுபுன்னு கூரை வரைக்கும் எழும்புது பாருங்க. அந்தச் சூட்டுல...

தொகாவா: வைக்கோல் அடுப்பு அந்த மூலையில, ஜன்னல் இந்த மூலையில. தீ நிக்கிறது ரெண்டு நிமிஷம். பதினெட்டு வருஷமா இதே இடத்துலதான் வாட்டறீங்க. போன டிசம்பர் வரைக்கும் உடையாத கண்ணாடி, இப்ப மட்டும் ஏன் உடையுது?

உரமோதோ: முந்தாநேத்து லேசா நிலம் ஆடுச்சே?

தொகாவா: நான் தூங்கிட்டேன், எனக்குத் தெரியல. ஆடினா ஆடிட்டுப் போகட்டும், என் கண்ணாடி அதுக்கெல்லாம் உடையாது. அந்த மதியச் சாப்பாட்டுப் பெட்டியை எடுங்க. நடுவுல மெத்துனு ஒரு தோஃபு துண்டு வைங்க. இப்பப் பெட்டியை ரெண்டு பக்கமும் பிடிச்சுக் கோணலா அமுக்குங்க.

உரமோதோ: ...தோஃபு சும்மா இருக்கு.

தொகாவா: ஏன்? சுத்தி இடம் இருக்கு. இப்பப் பெட்டி நிறைய அடைச்சு வச்சு அமுக்குங்க.

உரமோதோ: நசுங்கிடும்.

தொகாவா: ஜன்னலும் அப்படித்தான். நிலம் ஆடும்போது சுவர் கோணும், சட்டமும் கூடவே கோணும். பழைய ஜன்னல்ல கண்ணாடியைச் சுத்தி கல்லு மாதிரி இறுகிப் போற பூச்சு இருந்துச்சு. சட்டம் கோணினா கண்ணாடிக்கு நகர இடமே கிடையாது, தெருவுல போறவங்க தலையிலதான் கொட்டும். நான் சுத்திவர இடம் விட்டு, கீழ ரப்பர் கட்டை வச்சு, மேல மெத்துனு பசை போட்டிருக்கேன். கண்ணாடி சட்டத்துக்குள்ள மிதக்குது.

உரமோதோ: மிதக்குது. அழகா சொல்றீங்க.

தொகாவா: நான் வேலையைச் சொல்றேன்.

உரமோதோ: நானும் வேலையைத்தான் சொல்றேன். ...டீ ஊத்தவா? ஆமா, சந்துமுனையில உங்க வண்டியில போர்வை சுத்தி என்னமோ நிக்குதே. போன வாரம் நீங்க மீன் ஏலத்துக்கு வந்தப்பவும் அப்படியே நின்னுச்சு.

தொகாவா: ஒரு வாடிக்கையாளருக்கு. அவர் இன்னும் கேக்கல.

உரமோதோ: கேக்காமலேவா வாங்கி வச்சிருக்கீங்க? நல்ல வியாபாரம்.

தொகாவா: பேச்சை மாத்தாதீங்க. கண்ணாடி நாலு மூலையிலயும் இந்தப் பிசுபிசுப்பு என்ன? தொட்டுப் பாருங்க. ஒட்டுநாடாப் பசை.

உரமோதோ: காலண்டர் ஒட்டியிருந்தேன்.

தொகாவா: ஜன்னல் அளவுக்கு ஒரு காலண்டர்.

உரமோதோ: பன்னண்டு மாசமும் ஒரே தாள்ல. கிட்டத்துல எனக்குக் கண்ணு சரியா தெரியாது.

தொகாவா: பருந்துக்கும் உங்களுக்கும் ஒரே வியாதி. காலண்டர் என்ன நிறம்?

உரமோதோ: நிறம்னா...

தொகாவா: டிசம்பர்ல நானே சொன்னேன். "பிளாஸ்டிக் ஷீட்டாவது பரவாயில்ல, கறுப்புத் தாளை ஒட்டினா கிழக்கு வெயிலுக்கு ஒரே காலையில உடைஞ்சிடும்"னு. சொல்லும்போது நீங்க என்னமோ குறிச்சுக்கிட்டீங்க.

உரமோதோ: மளிகைக் கணக்கு.

தொகாவா: உடைஞ்சது எத்தனை மணிக்கு?

உரமோதோ: ஏழரை. வெயில் நேரா விழற நேரம்... பருந்து பறக்கற நேரம்.

தொகாவா: மீன் எப்ப வாங்கினீங்க?

உரமோதோ: நேத்து சாயங்காலமே படகுக்காரன்கிட்ட சொல்லி வச்சேன். ரெண்டு பேருக்குப் போதுமான நல்ல துண்டா...

தொகாவா: ரெண்டு பேருக்கு.

உரமோதோ: ...பசி ஜாஸ்தி எனக்கு.

தொகாவா: உரமோதோ சான்.

உரமோதோ: துறைமுகத்துல எல்லாரும் தெத்சுன்னுதான் கூப்பிடறாங்க. நீங்க ஒருத்தர்தான் இன்னும் குடும்பப் பேரைச் சொல்லி உரமோதோ சான்.

தொகாவா: வாடிக்கையாளரை மரியாதையா வேற எப்படிக் கூப்பிடறது? இப்படி வெளிய வாங்க, ஒண்ணு காட்டணும். என்ன தெரியுது?

உரமோதோ: படிக்கட்டு.

தொகாவா: எங்க போகுது?

உரமோதோ: மலை மேல கோயிலுக்கு. இது என்ன கேள்வி, சின்னப் பிள்ளைகிட்ட கேக்கற மாதிரி?

தொகாவா: பெரிசா நிலம் ஆடினா இந்தச் சந்துல இருக்கற எத்தனை பேர் இதுல ஏறணும்?

உரமோதோ: ...அறுபத்துமூணு பேர். மழலைப் பள்ளிக் குழந்தைங்க இருபத்திரண்டு பேரையும் சேர்த்து.

தொகாவா: கடல் வரதுக்குள்ள. வேற வழி?

உரமோதோ: இல்ல. இது ஒண்ணுதான்.

தொகாவா: படிக்கும் உங்க ஜன்னலுக்கும் எவ்வளவு தூரம்? கையை நீட்டுங்க.

உரமோதோ: ...தொட்டுடுது.

தொகாவா: நிலம் ஆடும்போது உங்க வைக்கோல் அடுப்பு எரிஞ்சுட்டிருந்தா? எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தா? உள்ள தீ. சாதாக் கண்ணாடின்னா கொஞ்ச நேரத்துல பொலபொலன்னு உதிர்ந்துடும். தீ நாக்கு நேரா படிக்கட்டு மேல. அதனாலதான் இந்த ஜன்னல்ல மட்டும் இருபது நிமிஷம் தீயைத் தாங்கற கண்ணாடி இருக்கணும்னு சட்டம். கடைசி வீட்டு ஒகிமி சான் இந்தப் படியில ஏற எவ்வளவு நேரம் ஆகும்?

உரமோதோ: போன நிலநடுக்க ஒத்திகையில நான்தான் கை பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். பதினோரு நிமிஷம். நடுவுல ரெண்டு தடவை உக்காந்து வைத்தியரைப் பத்திக் குறை சொன்னாங்க.

தொகாவா: இந்த ஞாயித்துக்கிழமை மறுபடி ஒத்திகை. அவ்வளவு பேரும் இந்த விரிசலைத் தாண்டித்தான் போகணும்.

உரமோதோ: இதுல கம்பி வலை இருக்கே. உடைஞ்சாலும் உதிராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

தொகாவா: வலைக்கு வேலையே அதுதான். திருடனுக்காகன்னு ஊரே நினைச்சிட்டிருக்கு. திருடன் சுத்தியலால ரெண்டு தட்டுத் தட்டினா உள்ள வந்துடுவான். தீயில கண்ணாடி விரியும்போது துண்டுகளைப் பிடிச்சு நிறுத்தத்தான் அந்தக் கம்பி. ஆனா இது கடலோரம். வெட்டின ஓரத்துல கம்பியோட முனை வெளிய தெரியுது இல்லையா, உப்புக்காத்து அங்கதான் உக்காரும். துரு பிடிச்சாக் கம்பி ஊதும், கண்ணாடி விரியும். கறுப்புத் தாளே வேண்டாம். அஞ்சு வருஷமோ பத்து வருஷமோ பொறுத்தா தானே உடையும்.

உரமோதோ: பத்து வருஷமா? அவ்வளவு நாள் யாரால... சரி, மேல சொல்லுங்க.

தொகாவா: உள்ள போயிடலாம், காத்து ஜில்லுனு இருக்கு. ...வேற ஒரு கண்ணாடி இருக்கு. வலையே கிடையாது, படி முழுசா தெளிவா தெரியும். உங்க மின் அடுப்பு மேல கறுப்பா ஒரு கண்ணாடிப் பலகை இருக்கே, அதே இனம். சாதாக் கண்ணாடி சூடானா பெருக்கும், அதனாலதான் எல்லாத் தகராறும். இது பெருக்கவே பெருக்காது. பழுக்கப் பழுக்கக் காய்ஞ்சிருக்கும்போது பச்சைத் தண்ணியை ஊத்துங்க, சும்மா இருக்கும். அதுல ரெண்டு பலகையை நடுவுல ஒரு மெல்லிய தாள் வச்சு ஒட்டியிருப்பாங்க. நிலம் ஆடும்போது ஒருவேளை உடைஞ்சாலும் துண்டு அந்தத் தாளை விட்டு வராது. குழந்தைங்க தலையில ஒரு சில்லு விழாது.

உரமோதோ: அப்ப சூட்டுல உடையவே உடையாதா?

தொகாவா: உடையாது.

உரமோதோ: கறுப்புத் தாள்... அதாவது, கறுப்புக் காலண்டர் ஒட்டினாக் கூட?

தொகாவா: வீடு முழுக்கக் காலண்டர் ஒட்டுங்க.

உரமோதோ: உப்புக்காத்து?

தொகாவா: கம்பியே இல்லாதப்ப எது துருப்பிடிக்கும்?

உரமோதோ: எத்தனை வருஷம் வரும்?

தொகாவா: நீங்க இருக்கற வரைக்கும் மாத்த வேண்டாம்.

உரமோதோ: ...அப்ப எனக்கு வேண்டாம்.

தொகாவா: ஏன்? விலை கூடத்தான்.

உரமோதோ: விலை இல்ல.

தொகாவா: ஆமா, விலை எவ்வளவுன்னு நீங்க கேக்கவே இல்லையே. வேற என்ன?

உரமோதோ: ரொம்பத் தெளிவா இருந்தா குழந்தைங்க எட்டிப் பாக்கும். நான் மீன் வெட்டறதைப் பாத்தா பயந்துடும்.

தொகாவா: இந்த ஊர்க் குழந்தைங்களா? பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே மீன் தலையை உறிஞ்சினதுங்க.

உரமோதோ: கம்பி வலையே போதும் தொகாவா சான். பழகிடுச்சு. உடைஞ்சா நீங்க வந்து மாத்திடறீங்க... எதனால உடைஞ்சுதுன்னு பொறுமையா சொல்றீங்க... எனக்கு ஒரு குறையும் இல்ல.

தொகாவா: அறுபத்துமூணு பேருக்கு?

உரமோதோ: டீ ஊத்தறேன்.

தொகாவா: மீன் ஆறுது. நீங்களும் சாப்பிடுங்க, ரெண்டு பேருக்குத்தானே வாங்கினீங்க.

உரமோதோ: ஒகிமி சான் ஜன்னல் பக்கமா சாஞ்சுதான் ஏறுவாங்க. அந்தப் பக்கம்தான் கைப்பிடி.

தொகாவா: தெரியும்.

உரமோதோ: ...சரி. உடையாததையே போடுங்க.

தொகாவா: நிஜமாவா? அப்புறம் மனசு மாறினா திருப்ப முடியாது. அதை நான் கடையில வெட்ட முடியாது. தொழிற்சாலையில இந்த ஜன்னல் அளவுக்குன்னே செஞ்சு வரணும். வேற எந்த ஜன்னலுக்கும் ஆகாது.

உரமோதோ: மாறாது. இவ்வளவு பேர் ஏறற இடத்துல நான் விளையாடியிருக்கக் கூடாது.

தொகாவா: யாரு விளையாடினா? பருந்துன்னீங்க.

உரமோதோ: பருந்துதான். இனிமே வராது.

தொகாவா: பாவம்.

உரமோதோ: அந்தக் கண்ணாடி போட்டப்புறம்... அப்பப்ப வந்து பாக்கணுமா? ரப்பர் கட்டை, பசை, மிதக்குதா இல்லையான்னு...

தொகாவா: ஓரத்துப் பசையை வருஷத்துக்கு ஒரு தடவை பாத்தாப் போதும்.

உரமோதோ: வருஷத்துக்கு ஒரு தடவை.

தொகாவா: அஞ்சு நிமிஷ வேலை.

உரமோதோ: அஞ்சு நிமிஷம்... புதன்கிழமை கடை லீவு. சும்மா சொல்றேன். கண்ணாடி வேலைன்னு இல்லாம, யாராவது சாப்பிட வந்தா, அன்னிக்கு அவசரமில்லாம வாட்டலாம்.

தொகாவா: வீட்டுல என் பூனை தனியா இருக்கும்.

உரமோதோ: மீன் கடைக்குப் பூனையைக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னு எந்தச் சட்டம் சொல்லுது?

தொகாவா: உங்க சுகாதாரச் சட்டம்.

உரமோதோ: வாசல்ல கட்டலாம். பருந்து வந்தா பாத்துக்கும். ...அது இருக்கட்டும், தொழிற்சாலையிலேர்ந்து கண்ணாடி வர எத்தனை நாள் ஆகும்?

தொகாவா: அஞ்சு வாரம்.

உரமோதோ: ஐயோ. ஞாயித்துக்கிழமை ஒத்திகை ஆச்சே. அதுவரைக்கும் பலகை அடிச்சிடவா? நான் செஞ்ச வேலை, நானே அடிச்சுடறேன்.

தொகாவா: பலகை வேண்டாம். சந்துமுனை வரைக்கும் வந்து அந்தப் போர்வையை ஒரு பக்கம் பிடிங்க. ஜனவரியில இந்த மூலைப் பிசுபிசுப்பைத் தொட்ட அன்னிக்கே தொழிற்சாலையில சொல்லி வச்ச உங்க கண்ணாடி, வந்து பன்னண்டு நாளாச்சு. தினம் காலையில ஏழரைக்குப் போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இந்தத் தடவை உடைக்க ஏன் இத்தனை நாள் ஆச்சு, தெத்சு சான்?