ராமுத்தாயின் புது நம்பர்

விஜயராணி: அக்கா, செருப்ப வெளிய விட்டுட்டு வரவா?

மருதாசலம்: போட்டுக்கிட்டே போலாமுங்க அம்மிணி. ஆனா ஒருத்தருதானுங்க உள்ள போகோணும். ஏடிஎம் ரூல்ஸுங்க.

ராமுத்தாய்: வாச்மேனண்ணே, இவ எங்கூட நெருப்பெரிச்சல் ஊருல ஒரே பனியன் கம்பெனில தைக்கிறவ. விஜயராணி. இவ சம்பளமும் பத்து மாசமா மெசின்லதான் வருது. சோப்பு வாங்கணும்னு எங்கூட வந்தா, மெசின இன்னைக்குத்தான் பாக்குறா. சேந்து போயிக்கிறோமே...

மருதாசலம்: பத்து மாசமாவா? அப்ப இந்த அம்மிணி சம்பளத்த ஆரு எடுத்துக் குடுக்கறாங்க?

ராமுத்தாய்: எங்க காண்ட்ராக்டர் தங்கவேலு. ஆஸ்டல் பிள்ளைகள லேசுல வெளிய விட மாட்டான்.

விஜயராணி: அக்கா... சும்மா இருங்க...

ராமுத்தாய்: என்னாத்துக்குடி சும்மா இருக்கணும்? சம்பளத்தக் கையில குடுக்காதீக, பேங்குல போடுங்க, அப்பத்தான் ஆர்டருன்னு துணி வாங்குற வெளிநாட்டுக்காரன் சொல்லிப்புட்டான். மொதலாளியும் ஆளுக்கொரு கார்டு எடுத்தாரு. கார்டு வந்த அன்னைக்கே, "நீங்க தொலைச்சிருவீங்க"ன்னு அம்புட்டையும் தங்கவேலு வாங்கிக்கிட்டான். ரகசிய நம்பர் இருந்த கவரையுஞ் சேத்து.

மருதாசலம்: அட... செவப்பு மொபட்டுல வருவாரே, அவருங்களா? சீட்டுக்கட்டாட்டம் கார்டு வெச்சிருப்பாருங்க. மேல ஒரு ரப்பர் பேண்டு. ஒண்ணு மாத்தி ஒண்ணு சொருகிட்டே இருப்பாரு. பின்னால நிக்கறவிய எல்லாம் என்னையத்தான் பேசுவாங்க.

விஜயராணி: அந்தக் கட்டுல என்னுதும் இருக்கும்ல...

மருதாசலம்: செரி, வெளிய இப்ப ஆருமில்ல. சித்த நேரத்துல வந்துருங்க.

விஜயராணி: ஆத்தி... என்னாக்கா இம்புட்டுக் குளிரு! கரண்டு இல்லன்னுதான நம்ம கம்பெனிக்கே இன்னைக்கு லீவு விட்டாக?

ராமுத்தாய்: ஜெனரேட்டரு ஓடுதுல்ல. காசுக்கு வேர்க்கக் கூடாதாம்டி.

விஜயராணி: உங்க கார்டு மட்டும் எப்பிடிக்கா உங்க கையில?

ராமுத்தாய்: பேங்குக்குப் போயி, தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்தேன். பழசச் செல்லாதுன்னு ஆக்கிட்டுப் புதுசு குடுத்தாக. நம்பரும் புதுசு. தங்கவேலுகிட்ட இருக்குறது இப்ப வெறும் அட்ட.

விஜயராணி: பேங்குலயே போயிப் பொய் சொன்னீகளா!

ராமுத்தாய்: எங்கையில இல்லன்னா தொலைஞ்சதுதானடி? இந்தா, புடி. பேரத் தடவிப் பாரு.

விஜயராணி: மேடா இருக்கு... எம்பிராய்டரி மாதிரி. உங்க பேராக்கா இது?

ராமுத்தாய்: எம்பேருதான். எங்கய்யா வச்சது. ம்... சொருகு. இப்பிடி இல்ல, திருப்பி. விடு, அதுவே இழுத்துக்கிரும்.

விஜயராணி: ஐயோ, முழுங்கிருச்சு!

ராமுத்தாய்: பயப்படாத. குடுத்துரும்.

விஜயராணி: அக்கா... தமிழா இங்கிலீசான்னு கேக்குதுக்கா! நம்மளக் கேக்குது!

ராமுத்தாய்: தமிழுன்னு சொல்லு. வாயால இல்லடி, அமுக்கு!

விஜயராணி: அமுக்கிட்டேன்... அமுக்கிட்டேன்... ரகசிய எண்ணுன்னு போட்டுருக்கு.

மருதாசலம்: அம்மிணி! வெளிய இருந்தே சொல்றனுங்க. நம்பர் போடறப்ப கைய வெச்சு மறைச்சுக்கோங்க!

ராமுத்தாய்: சரிண்ணே, சரிண்ணே... ஏண்டி, நீ என்னா செவுத்தப் பாத்துத் திரும்பிட்ட?

விஜயராணி: இல்ல... லைட்டு கண்ணக் கூசுது.

ராமுத்தாய்: நான் ஒண்ணும் மறைக்கலியே. பாக்குறதுன்னா பாரு.

விஜயராணி: வேணாங்க்கா.

ராமுத்தாய்: ம். போட்டாச்சு. இங்கிட்டுத் திரும்பு. காது குடுத்துக் கேளு.

விஜயராணி: நம்ம ஓவர்லாக் மெசின் ஓடுறாப்புல இருக்கு... உள்ளுக்குள்ள எங்கிட்டோ... ஆத்தி! வந்துருச்சு! அக்கா, எல்லாம் புது நோட்டு! யாரும் அதட்டல, யாரும் கையெழுத்து கேக்கல... நம்ம எம்புட்டுத் தச்சோம்னு இதுக்கு எப்பிடிக்கா தெரியும்?

ராமுத்தாய்: அதுக்குத் தெரியாது. கம்பெனில அனுப்புனத அப்பிடியே குடுக்குது. நடுவுல கை வைக்கத் தெரியாது அதுக்கு. இந்தா, சீட்டப் படி.

விஜயராணி: இது... ஒரு மாசத்துக்கா?

ராமுத்தாய்: ஒரு மாசத்துக்குத்தான்.

விஜயராணி: நீங்களும் நானும் ஒரே டைலர் கிரேடுதானக்கா?

ராமுத்தாய்: ஒரே கிரேடு, பக்கத்துப் பக்கத்து மெசினு.

விஜயராணி: அவன் எனக்குக் குடுக்குறது இதுல பாதி கூட வராதேக்கா... ஆஸ்டலுக்குப் புடிக்கிறேன், சோத்துக்குப் புடிக்கிறேன்னு...

ராமுத்தாய்: ஆஸ்டலுக்கும் சோத்துக்கும் கம்பெனிதாண்டி கட்டுது. ஆபீசுல கேட்டுப்புட்டேன்.

விஜயராணி: இருங்கக்கா, சீட்ட இன்னொருக்காப் படிச்சுக்கிறேன்.

ராமுத்தாய்: ஏ பிள்ள, என்னா மெசினையே பாக்குற?

விஜயராணி: இல்ல, அது என்னமோ சொல்லுதுக்கா. "நன்றி"ங்குது.

ராமுத்தாய்: ஆமா. எப்பவும் சொல்லும்.

விஜயராணி: பத்து மாசமா தைக்கிறேன். இந்த ஊருல எனக்கு யாருமே அதச் சொல்லலக்கா.

மருதாசலம்: ஆச்சுங்களா? எண்ணிப் பாத்து உள்ள வெச்சுக்கோங்க. என்னுங்க அம்மிணி, மூஞ்சி வாடிப் போச்சு?

விஜயராணி: அண்ணே... இந்தக் கார்ட வச்சு உசிலம்பட்டியிலயும் எடுக்கலாமா? எங்கம்மா ஊரு.

மருதாசலம்: மெஷினு இருந்தா எந்த ஊருல வேணாலும் எடுக்கலாமுங்க. மழை பேஞ்சாலும் குடுக்கும், பந்த்துன்னாலும் குடுக்கும். நானே இங்க உக்காந்துட்டு அதிசயமாத்தான் பாத்துட்டிருக்கறனுங்க. ஆனா ஒண்ணு... கார்டும் நம்பரும் ஒரு கையில சேந்துருச்சுன்னா, அது ஆரு கைன்னு அது பாக்காது. திருடனுக்கும் இதே நன்றிதானுங்க.

ராமுத்தாய்: கேட்டுக்கிட்டியா? வாரோம்ணே... வாடி, இந்த வேப்ப மரத்து நெழலுல நில்லு. ஏண்டி அழுகுற?

விஜயராணி: நான் சோப்பு வாங்க வரலக்கா.

ராமுத்தாய்: ம்.

விஜயராணி: தங்கவேலுதான் அனுப்புனான். அவ கூட ஏடிஎம்முக்குப் போயி நம்பரப் பாத்துட்டு வா, அவகிட்ட இருந்து கார்டப் புடுங்குறத நான் பாத்துக்கிறேன்னான். இல்லன்னா மூட்ட முடிச்சோட ராத்திரிக்கே ஆஸ்டல்ல இருந்து எறக்கி விட்டுருவேன்னான். நான் எங்கக்கா போவேன்... ஆனா நான் பாக்கல. எங்காத்தா மேல சத்தியமா பாக்கல!

ராமுத்தாய்: செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னயே, நாந்தான் பாத்தேனே. கண்ணத் தொட. ராத்திரி எங்க வாடக ரூம்ல படுத்துக்கலாம். சாயங்காலம் பேங்க மூடிருவாக, அதுக்குள்ள உனக்கும் புதுக் கார்டுக்கு எழுதிக் குடுத்துறணும்.

விஜயராணி: உங்களுக்கு எம்மேல கோவமே இல்லையாக்கா?

ராமுத்தாய்: எதுக்குடி கோவம்? "புது நம்பர் வச்சிருக்கேன், முடிஞ்சா கண்டுபிடி"ன்னு அவன் மூஞ்சிக்கு நேரா போயிச் சொன்னதே நாந்தான். என்கூட ஒட்டிக்கிட்டுத் திரியிறவ நீ ஒருத்திதான், உன்னையத்தான் அனுப்புவான்னு தெரியும்... வேற எதுக்குடி அவன் உன்னைய ஆஸ்டல் கேட்டத் தாண்ட விடப் போறான்?