அடுப்புக்குக்கூடப் பேர் உண்டு

– மறுபடியும் அதே தப்பு தாயே. சமையல்காரி உங்க குரல்ல பேசக் கூடாது. அவ குரல்ல பேசணும்.

– அந்தக் கெஞ்சல்தான் அவ குரல்னு யாருண்ணே சொன்னது?

– இத்தனை வருஷமா நீங்கதானே பேசிட்டிருக்கீங்க! மூக்கால இழுத்து, தொண்டையை நடுங்க வச்சு, "ஐயா சாமி, நான் ஒண்ணும் பண்ணலைங்க சாமி!" ஊரே சிரிக்குது. இன்னிக்கு என்னடான்னா செய்தி வாசிக்கிறீங்க. டப்பிங்னா படத்தைப் பார்த்துப் பேசணும்.

– படத்தைத்தான் பார்த்தேன். நீங்களும் சத்தத்தை நிறுத்திட்டு ஒரு தடவை பாருங்களேன்.

– நேரமில்ல தாயே. சாயங்காலத்துக்குள்ள சேனலுக்குப் போகணும். முதல்ல நடக்காம ஒரு இடத்துல நில்லுங்க, வயர் தடுக்கும்.

– மாவைக் கொட்டுறது நரி. வழுக்கி விழுந்து அடி வாங்குறது இவ. நரிக்குப் பேர் இருக்கு. சேவலுக்குப் பேர் இருக்கு. அந்தப் பேசுற அடுப்பு, அதுக்குக்கூடப் பேர் வச்சிருக்கான். நம்ம வசனத் தாள்ல இவளுக்கு என்ன போட்டிருக்கு? கரிச்சட்டி.

– அது அடையாளத்துக்கு எழுதினது. பாட்டன் காலத்துக் கார்ட்டூன். மூஞ்சியில கரியை அப்பி, உதட்டை ரெண்டு பன்னு மாதிரி எவனோ வெள்ளைக்காரன் வரைஞ்சு வச்சான். அதுக்கு என் மேல ஏன் பாயுறீங்க?

– உதட்டை அவன் வரைஞ்சான். அந்த "ஐயா சாமி"யை யார் வச்சது? மூலப் படத்துல அவ "நான் இல்ல, நரிதான்"னு சொல்லிட்டுப் போயிடறா. கெஞ்சல் நம்ம கைச்சரக்கு.

– அந்தக் கெஞ்சல்லதான் படமே ஓடுச்சு!

– நான் முதல் நாள் வந்தது ஞாபகம் இருக்கா? குரல் டெஸ்ட்டுக்கு முன்னாடியே இந்த வேஷத்தைக் கையில குடுத்துட்டீங்க. நான் வாயே திறக்கல. எதைப் பார்த்துக் குடுத்தீங்க?

– அது... மைக்குக்கு நிறமெல்லாம் தெரியாது தாயே.

– மைக்குக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சுது. போன படத்துல தேவதைக்குப் பேசறேன்னு கேட்டேன். சிரிச்சீங்க.

– இன்னிக்கு என்னதான் ஆச்சு உங்களுக்கு? வீட்ல ஏதாவது?

– வீட்ல என்ன. பொண்ணு கொஞ்ச நாளா பேசறதில்ல. கேட்டா தொண்டை வலிக்குதுங்கிறா. டாக்டர் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு ஒண்ணுமில்லைங்கிறார். அது வேற கதை, பேச்சை மாத்தாதீங்க. இந்த ஒரு வசனத்தைக் கெஞ்சாம பேசறேன். பிடிக்கலைன்னா அழிச்சிடுங்க.

– முடியாது. சேனல்காரன் கேக்குறதே அந்தக் குரலைத்தான். நீங்க பேசலைன்னா வேற ஆளைப் போடுவேன்.

– யாரைப் போடுவீங்க? அது வேற யாருக்கு வரும்?

– இந்தத் திமிருக்குத்தான் காட்டுறேன், இப்படி வாங்க. காலையில இருந்து எல்லார் போன்லயும் இதுதான். ஏதோ ஒரு ஸ்கூல்ல எடுத்திருக்காங்க. பசங்க வட்டமா நிக்கிறாங்களா, நடுவுல ஒரு சின்னப் பொண்ணு. மூஞ்சி பூரா சாக்பீஸ் பொடி, மாவுல விழுந்த சமையல்காரியேதான்! இப்போ கேளுங்க. அதே இழுப்பு, அதே நடுக்கம். "இவளை எங்கிருந்தாலும் பிடிங்க"ன்னு சேனல்காரனே அனுப்பியிருக்கான். உங்களை விட நல்லாப் பண்றா, என்ன?

– போனை இப்படிக் குடுங்க. அவ தலையைப் பெருசாக்கிப் பார்க்கணும்.

– என்ன தாயே, பயமா இருக்கா?

– அந்தப் பச்சை ரிப்பன் நேத்து நான் கட்டி விட்டது.

– எந்த ரிப்பன்? ... அடக் கடவுளே. இருங்க, இருங்க, நிறுத்திடறேன்.

– நிறுத்தாதீங்க. உங்க மெஷின்ல போட்டு, சுத்தி நின்னு சிரிக்கிறாங்களே, அந்தச் சத்தத்தை மட்டும் கம்மி பண்ணுங்க. அவ நடிக்கிறாளா, நிஜமாவே கெஞ்சுறாளான்னு கேக்கணும்.