எளிதான கதைகளாகத் தேடித் தந்தேன்

தாம்பரத்தில் ஜப்பானியக் கதைப் புத்தகம் தேடி அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கடைக்காரர்கள் யாரும் ‘இல்லை’ என்று சொல்வதே இல்லை. ஒருவர் ஜப்பானியச் சமையல் குறிப்பை எடுத்து நீட்டினார். இன்னொருவர் முப்பதே நாளில் மொழி கற்கும் புத்தகம் ஒன்றைக் காட்டினார். வீட்டில் பிரித்துப் பார்த்தால் அது சீன மொழி. இரண்டையும் வாங்கி வந்திருந்தேன். எனக்கு யாரிடமும் மறுத்துச் சொல்ல வராது. என் மனைவி ஜென்சி ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறேன் என்றபோதும் நான் மறுக்கவில்லை. இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜென்சி ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யூ. நர்ஸ். ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், மொழித் தேர்வில் தேறினால் போதும். ஆனால் அந்த விசாவில் கணவனை அழைத்துப் போக முடியாது. எனக்கோ அவள் இல்லாத வீட்டைச் சாவி போட்டுத் திறப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பொண்டாட்டி முன்னேறுவது பொறுக்காதவன் என்று பெயர் வரும். அதனால், “தைரியமா போயிட்டு வா, நான் இருக்கேன்ல” என்றேன். செம்பாக்கத்தில் எங்கள் சர்ச்சுக்கு வரும் பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களிடம் என்னை உதாரணம் காட்டினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

சேலையூரில் வகுப்பு எடுத்த ஹேமாவதி மிஸ்தான் அந்த யோசனையைச் சொன்னார். பாடப் புத்தகம் மட்டும் போதாது, படிக்கிறவரின் தரத்துக்கு ஏற்ப எழுதிய சின்னக் கதைகளை வாசிக்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து நான்கு வரை அவற்றுக்கு லெவல் உண்டு; எண் ஏற ஏறக் கடினம். விதிகளும் உண்டு. அகராதியைத் தொடக் கூடாது. புரியாத சொல்லைத் தாண்டிப் போக வேண்டும். நிறையப் புரியவில்லை என்றால் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு லெவல் கீழே இறங்க வேண்டும். ஜென்சி நர்ஸ். விதி என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அதிலிருந்து இம்மி பிசகமாட்டாள்.

அவளுக்கு ஷிஃப்ட் இருந்ததால் கதைகளைத் தேடும் பொறுப்பு என்னுடையது. இணையத்தில் இலவசமாகவே நிறையக் கிடைத்தன. தசரதன் அண்ணன் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டு வருவேன். அப்படி ஒரு நாள், மூன்றாம் லெவல் கதைக்கு ஒன்றாம் லெவல் அட்டையை வைத்து பைண்ட் செய்யச் சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது. மற்றதெல்லாம் அவளாகச் செய்துகொண்டது.

தசரதன் அண்ணன் மட்டும் கவனித்துவிட்டார். “இன்னா சார், அட்டையில வேற படம் கீது, உள்ள வேற படம் கீது?”

“சர்ப்ரைஸ்ணா” என்றேன்.

“வூட்ல மேடத்துக்கா? நடத்து, நடத்து” என்று சிரித்துக்கொண்டே பைண்ட் செய்து கொடுத்தார்.

முதல் முயற்சியில் மண்ணைக் கவ்வினேன். மூன்றாம் லெவலிலேயே பக்கம் அதிகமாக இருந்தால் இன்னும் கடினம் என்று நினைத்துத் தடியாக ஒன்றை எடுத்திருந்தேன். நரி ஒன்று மளிகைக் கடை வைக்கும் கதை. ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும் போலிருக்கிறது. ஜென்சி இட்லிக்குச் சட்னி ஆறுவதற்குள் படித்து முடித்து, நரியைப் போலக் குரலை மாற்றி எனக்கும் சொல்லிக் காட்டினாள். எந்தக் கதை அவளுக்கு எட்டாது என்று தெரிய வேண்டுமானால் முதலில் எனக்கு ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும். ஆகவே படிக்க ஆரம்பித்தேன். திருமுடிவாக்கத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் எழுத்துகளை எழுதிப் பழகினேன். மனைவிக்குக் குழி பறிக்க இவ்வளவு வீட்டுப்பாடம் செய்த கணவன் வேறு யாரும் இருக்க முடியாது. கல்லூரியில் இந்த அக்கறை இருந்திருந்தால் அரியர் வைத்திருக்கமாட்டேன்.

அதற்குப் பிறகு சரியாகத் தேர்ந்தெடுத்தேன். அவளுக்குப் பாதி புரிய வேண்டும், மீதி புரியக் கூடாது. ஒன்றாம் லெவல் முடியவில்லை என்று, விதிப்படி பூஜ்யத்துக்கு இறங்கினாள். பூஜ்யம் என்ற அட்டைக்குள் இரண்டாம் லெவல் கதைகளைப் படம் பெரிதாக்கி வைத்திருந்தேன்.

“குழந்தைங்க படிக்கிறது இது. இதுவே எனக்கு ஏற மாட்டேங்குது” என்றாள்.

“அதனால என்ன. மெதுவா படி” என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் அவள் மேல் எனக்கு அப்படி ஓர் அன்பு பொங்கியது. பொய்யில்லை.

ஹேமாவதி மிஸ் ஒரு முறை என்னிடம், வகுப்பிலேயே ஜென்சிதான் வேகம் என்றார். வீட்டில் அதை அப்படியே சொன்னேன், மறைக்கவில்லை. “பாவம், உன் மனசு நோகக் கூடாதுன்னு அப்படிச் சொல்றாங்க போல” என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். ஜென்சி தலையாட்டினாள். அடுத்த வாரம் வகுப்பை விட்டு நின்றாள்.

அதோடு நிற்கும் என்று நினைத்தேன். மருத்துவமனையிலும் தன் மேல் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மருந்தின் அளவைப் படித்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் ஜூனியரை, “நீ ஒரு தடவை படிச்சுச் சொல்லும்மா” என்று கேட்பாளாம். என்றைக்காவது யாரையாவது கொன்றுவிடுவேனோ என்று ஒரு நாள் என் தோளில் சாய்ந்து அழுதாள். பிறகு அவளாகவே எழுதிக் கொடுத்து ஐ.சி.யூ.விலிருந்து வெளிநோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு மாற்றிக்கொண்டாள். அது ஒரு விதத்தில் நல்லது. நைட் ஷிஃப்ட் கிடையாது.

தேர்வுக்குத் துணைக்கு எழுதுகிறேன் என்று நானும் விண்ணப்பித்திருந்தேன். அவள் வரவில்லை. “நீங்களாவது எழுதிட்டு வாங்க, உங்களுக்கு நல்ல மூளை” என்று எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தாள். நான் தேறிவிட்டேன். வாசிப்புப் பகுதியில் நல்ல மதிப்பெண். இரண்டு ஆண்டாக நான் அவளுக்காகப் படித்த கதைகளுக்கு அது ஒன்றும் அதிசயமில்லை. அதற்கு அடுத்த தேர்விலும் தேறினேன். சர்ச்சில் எனக்குச் சால்வை போட்டார்கள். ஜென்சிதான் முதலில் கை தட்டினாள்.

எங்கள் கம்பெனி ஜப்பானுக்கு உதிரி பாகம் செய்து அனுப்புகிறது. மொழி தெரிந்த எஞ்சினியர் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள், என்னைக் கேட்டார்கள். மறுத்துச் சொல்ல எனக்கு வராது என்று முன்பே சொன்னேன். அடுத்த மாதம் கிளம்புகிறேன். ஜென்சி ஊறுகாய் போட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கம்பளிச் சட்டை வாங்கத் தி. நகர் வரை போய் வந்தாள். நேற்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “இந்த விசாவுல குடும்பத்தைக் கூட்டிட்டுப் போகலாமாமே, ஹேமாவதி மிஸ் சொன்னாங்க” என்றாள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ரசம் ஊற்றினாள்.

மிஸ் சொன்னது சரிதான், கூட்டிப் போகலாம். படிவம்கூட என் மேஜையில்தான் இருக்கிறது. இரண்டு நாளாக அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அவளைப் பிரிய முடியாமல்தானே இத்தனையும் செய்தேன், எனக்கு மட்டும் ஆசை இருக்காதா. ஆனால் யாராவது ஒருவர் நிதானமாக யோசிக்க வேண்டும். நான் வேலைக்குப் போன பிறகு அவள் தனியாகக் கடைக்குப் போக வேண்டும், பஸ் ஏற வேண்டும், உடம்புக்கு முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். குழந்தைகள் படிக்கும் கதையையே படிக்க முடியாத பெண்ணை அந்த ஊரில் எந்த நம்பிக்கையில் கொண்டுபோய் விடுவது?