நாலு பெண்களைப் பெற்றவர்

"எனக்கு அம்பத்தஞ்சு வயசு டாக்டர். நெஞ்சு வலிக்குது. நாலு பொண்ணு, ஒண்ணுக்கும் கல்யாணம் ஆகலை," என்றான், தாம்பரம் மின்சார ரயிலில் என் எதிரே இருந்த அரும்பு மீசைக்காரன். பக்கத்தில் இருந்தவன்தான் டாக்டர். இருவரும் மருத்துவ மாணவர்கள். இதய நோயாளியிடம் பேசியே சிகரெட்டை விடவைக்க வேண்டும் என்று மறுநாள் தேர்வாம்.

"சிகரெட்டை விடுங்க. இல்லேன்னா செத்துடுவீங்க."

"இப்படிச் சொன்னா ஃபெயில்டா. மிரட்டாம கேள்வி கேளுன்னு சார் சொன்னாரே."

"சரி. எப்பெல்லாம் பிடிப்பீங்க?"

"யாராவது அட்வைஸ் பண்ணா உடனே ஒண்ணு பத்த வைப்பேன்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டான். குரோம்பேட்டையில் வண்டி நின்றபோது, அவர்களுக்கு முதுகு காட்டிப் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்த பெரியவர் திரும்பாமலே கேட்டார்.

"சார், மூத்த பொண்ணு என்ன படிச்சிருக்கு? என் தம்பி பையன் ரயில்வேல இருக்கான்."

நோயாளி அசரவில்லை. "பி.யூ.சி. பையன் சிகரெட் பிடிப்பாரா?"

"எப்பவாவது பிடிப்பான்."

"அப்ப வேணாம் சார். அந்த நாத்தம் என் பொண்ணுக்கு ஆகாது."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப உங்க மேல வர்ற நாத்தத்தை அவங்க எப்படி சார் தாங்குறாங்க?"

நோயாளி அவன் முதுகில் தட்டினான்.

"பாஸ்டா. நாளைக்கு இதையே கேளு."

பெரியவர் அப்போதுதான் திரும்பி, நாலு பெண்களைப் பெற்றவரின் மீசையைப் பார்த்தார்.