ஆடின தலை

அக்கா: ஸ்கேன் மெஷினுக்குள்ள போறதுக்கு முன்னாடி என்னடா சொன்னாங்க? தலையை ஆட்டக்கூடாதுன்னு தானே?

தம்பி: மூக்கு அரிச்சுதுக்கா.

அக்கா: மூணு தடவையுமா?

தம்பி: முதல்ல மூக்கு. அப்புறம் தும்மல். அப்புறம்...

அக்கா: அப்புறம் என்ன, டான்ஸா? அந்த டெக்னீஷியன் வெளிய வந்து தலையில அடிச்சுக்கிட்டார். "உங்க தம்பியைக் கட்டித்தான் போடணும்"ங்கிறார்.

தம்பி: கட்டித்தான் போட்டாங்க. நெத்தியில பட்டையா...

அக்கா: அதுக்குள்ளயும் ஆட்டியிருக்கே பாரு! எவ்வளவு கெஞ்சி இந்த ஆராய்ச்சியில சேர்ந்தேன் தெரியுமா?

தம்பி: உடம்பு சரியில்லாதது உனக்கு. என் மூளையை எதுக்குப் படம் எடுக்கணும்?

அக்கா: ஐயோ... எத்தனை தடவைடா சொல்றது? போன வருஷம் வந்த காய்ச்சலுக்கு அப்புறம் என் மூளையில அழற்சி, அதான் உள்வீக்கம், இருக்கான்னு பார்க்கணும்னா, நல்லா இருக்கிற ஒரு மூளையும் வேணும். பக்கத்துல வெச்சுப் பார்க்க.

தம்பி: அதுக்கு என்னோடதுதான் கிடைச்சுதா?

அக்கா: தப்புதான். உன் தலைக்குள்ள ஏதாவது இருக்கான்னு முதல்ல பார்த்திருக்கணும்.

தம்பி: பாரு, கோபத்துலயும் உனக்குக் கிண்டல்...

அக்கா: சிரிக்காதே! பேச வந்தது பாதியில மறந்து போகுது. அடுப்பை அணைச்சேனான்னு தெரியல. வேலையையும் விட்டாச்சு. ரத்தம் சுத்தமா இருக்குங்கிறார் டாக்டர். கட்டின புருஷனே "எல்லாம் உன் நினைப்பு"ங்கிறார். இந்தப் படம் ஒண்ணுதான்டா எனக்குச் சாட்சி...

தம்பி: அதான்க்கா.

அக்கா: எது அதான்?

தம்பி: உன் மூளையும் என்னுது மாதிரியே நல்லாத்தான் இருக்குன்னு வந்துட்டா? அப்புறம் மாமா உன்னைச் சும்மா விடுவாரா? அதான்... வேணும்னுதான் ஆட்டினேன். பக்கத்துல வெச்சுப் பார்க்க எதுவும் இல்லாம போகட்டும்னு.

அக்கா: ...லூசாடா நீ?

தம்பி: இருக்கலாம். படம்தான் வரலையே, எப்படித் தெரியும்?

அக்கா: போடா... எனக்காகவா இப்படிப் பண்ணினே?

தம்பி: சரி, அழாதே. நீ ஆடாம அசையாம படுத்திருப்பே, உன் படம் நல்லாவே வந்திருக்கும். என்ன... கையை ஏன் மறைக்கிறே? கையைக் காட்டு.

அக்கா: எதுக்கு?

தம்பி: படத்துக்கு முன்னாடி போடுற ஊசி. எனக்குப் பஞ்சு வெச்சு ஒட்டியிருக்காங்க. உனக்கு எங்கே?

அக்கா: ஊசியோட நர்ஸம்மா வந்ததுமே எழுந்து வெளிய வந்துட்டேன்டா... படத்துல ஒண்ணும் இல்லேன்னு வந்துட்டா, அப்புறம் நானே என்னை நம்ப மாட்டேன்.