குடமிளகாய்க்கு மண்ணு எதுக்கு பெரியப்பா

குளிச்சுக்கிட்டு இருக்கா பெரியப்பா, தலைக்கு ஊத்துறா. என் தங்கச்சி முடி உங்களுக்குத் தெரியாதா, அலசி எடுக்கவே ஒரு தொட்டி தண்ணி வேணும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாயங்காலம்தானே அவளப் பாக்க வர்றாங்க? நம்ம ஊருக்குக் கார்ல போனா மூணு மணி நேரம். மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு ஒன்பதரைக்கே வந்து நின்னா, அவ அப்படியே எந்திரிச்சு வந்துருவாளா? உக்காருங்க. ஐயையோ, அங்க இல்ல, அது நாத்துத் தட்டு!

ஒண்ணும் ஆகலை. நீங்க மட்டும் உக்காந்திருந்தா நாப்பத்தெட்டு குடமிளகா போயிருக்கும், அவ்வளவுதான்.

ஆமா, வீட்டுக்குள்ளதான். வேற எங்க வளக்குறது? ரெண்டாவது மாடி, ரெண்டு ரூம், வாசல்ல செருப்பு விடவே இடமில்ல. சிரிங்க சிரிங்க, எல்லாரும் இப்படித்தான் சிரிச்சாங்க. மாடிக்கு மண்ணு தூக்கிட்டு வரக்கூடாதுன்னு வீட்டு ஓனர் கறாராச் சொல்லிட்டாரு. சரி, மண்ணே வேணாம் போங்கன்னுட்டோம். தொட்டுப் பாருங்க. சும்மா விரல விடுங்க. மண்ணா அது? தேங்கா நார்த்தூள். செங்கல் மாதிரி கட்டியா வரும், தண்ணியில போட்டா பொதபொதன்னு வாளி நிறைய ஊதிக்கும். அதோட இந்த வெள்ளை உருண்டை இருக்கு பாருங்க, தெர்மகோல் மாதிரி, இது பெர்லைட்டு. வேரு மூச்சு விட இடம் குடுக்கும். ஆமா பெரியப்பா, வேரும் மூச்சு விடும். நமக்கு மட்டும்தான் மூச்சு முட்டுமா என்ன?

இருங்க, எங்க எந்திரிக்கிறீங்க? குளிக்கிற பொண்ணப் போய்க் கதவத் தட்டிக்கிட்டு. டீ போட்டுட்டேன், இந்தாங்க.

முதல் தடவ நான் பண்ணின கூத்தக் கேளுங்க. கடையில வாங்கின பச்சைக் குடமிளகாய வெட்டி, உள்ள இருந்த விதைய எடுத்து ஊனினேன். இருபது நாளு தண்ணி தெளிச்சுத் தெளிச்சு உக்காந்திருந்தேன். ஒண்ணு முளைக்கணுமே! எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போறப்ப வெறுந்தட்டப் பாத்து, போயிட்டு வர்றேன் புள்ளைங்களான்னு சொல்லிட்டுப் போவாரு. அப்புறம் தங்கச்சிதான் சொன்னா, அக்கா, பச்சையா இருக்கிறப்ப பறிச்சா உள்ள விதை முத்தியிருக்காது, நல்லாச் செவந்து பழுத்த காயிலதான் எடுக்கணும்னு. வெளிய பாத்தா பெருசாத்தான் தெரியும். உள்ள இன்னும் தயாராகியிருக்காது. அதுக்குள்ள பறிச்சுட்டு, ஏன் முளைக்கலைன்னா? இல்ல இல்ல, செடியத்தான் சொல்றேன்.

ரெண்டாந்தடவ செவப்புக்காய் விதை. ஃப்ரிட்ஜ் மேல கதகதப்பா இருக்கும்ல, அங்க வச்சு பிளாஸ்டிக் கவரப் போட்டு மூடினோம். பன்னெண்டாம் நாளு, கழுத்த வளைச்சுக்கிட்டு ஒண்ணு எட்டிப் பாத்துச்சு. என் மக கத்துன கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டாங்க. ஆனா ரெண்டு வாரத்துல இலை நுனியெல்லாம் கருகிப் போச்சு. நார்த்தூள்ல உப்பு இருக்குமாம். மூணு தடவ அலசிப் பிழியணும். நான் சோம்பேறித்தனத்துல ஒரு தடவ ஊற வச்சதோட விட்டுட்டேன். அழுவேன்னு நெனச்சீங்களா? வாளிய எடுத்துட்டுக் குழாயடிக்குப் போயிட்டேன்.

மூணாந்தடவ பொழைச்சதுதான் ஜன்னல் பக்கம் பூத்து நிக்குது, இந்தத் தட்டு அதுக்கு அடுத்தது. இது பழைய கட்டில் சட்டத்துல எங்க வீட்டுக்காரர் பண்ணின அலமாரி. எலக்ட்ரீஷியனக் கட்டிக்கிட்டதுக்கு இதாவது கிடைக்கணும்ல. டியூப் லைட்ட நாலு விரல் உசரத்துல தொங்க விட்டிருக்காரு. தூக்கிக் கட்டினா செடி வெளிச்சத்தத் தேடி ஒல்லியா ஓடிடும். நார்த்தூள்ல சாப்பாடு ஒண்ணும் கிடையாது, அதனால நாலு இலை வந்ததும் தண்ணியில கலந்து நாமதான் உரம் ஊட்டணும். ஃபேனா? அது நமக்கில்ல, அதுங்களுக்கு. பொத்திப் பொத்தி வச்சா தண்டு நூலாட்டம் ஆயிடும். லேசா ஆட்டி விட்டாத்தான் கெட்டிப்படும்.

இந்தத் தட்டக் கொஞ்சம் பிடிங்களேன். ரெண்டு கையாலயும். ஆங், அப்படியே, ஆட்டாதீங்க. நாத்து வளந்துருச்சு, லைட்டையும் கொஞ்சம் ஏத்திக் கட்டணும்.

அந்தப் பெயிண்ட் பிரஷ்ஷா? அது உங்க பேத்தியோடது. வீட்டுக்குள்ள தேனீ வராதில்ல, பூவுக்குப் பூ மகரந்தத்த அவதான் தொட்டு வைப்பா. சும்மா தொட மாட்டா, கைய விரிச்சுக்கிட்டு ஙொய்ங்குன்னு பறந்து வந்துதான் தொடுவா. நேத்து பள்ளிக்கூடத்துல டீச்சர், பெரிய ஆளாகி என்ன ஆவேன்னு கேட்டிருக்காங்க. நான் இப்பவே தேனீன்னு சொல்லிட்டு வந்திருக்கா.

ஆனா மொதோ பூவ மட்டும் கிள்ளிடுவோம். ஆமா, கிள்ளித்தான் போடணும். பூவக் கிள்ளுவாங்களாடின்னு நானும் தங்கச்சிகிட்ட சண்டை போட்டேன். செடி சாண் உசரம்கூட இல்ல, அதுக்குள்ள ஒரு பூவு. விட்டா என்ன ஆகும்னா, இருக்கிற சத்தையெல்லாம் அந்த ஒத்தக் காய்க்குக் குடுத்துட்டு செடி அத்தோட நின்னுடும். கிள்ளி விட்டா கிளை பிரியும், வேரு ஓடும், அப்புறம் காய்க்கும் பாருங்க! பொறுத்தாத்தானே? நம்ம வீட்ல யாரு பொறுத்தா? பதினேழு முடிஞ்சு பதினெட்டு பொறந்ததும் என்னைக் கட்டிக் குடுத்தீங்க. இப்ப செடியச் சொல்லலை, உங்களத்தான் சொல்றேன்.

கோபப்படுங்க, பரவால்ல. தட்டு மட்டும் கீழ விழுந்துடாமப் பாத்துக்கோங்க.

இருங்க, போன் அடிக்குது… இல்ல, மெசேஜ்தான்.

சரி, தட்டக் கீழ வச்சுடலாம் பெரியப்பா. இனிமே அவசரமில்ல.

பத்து மணி ரயிலு கிளம்பிடுச்சாம். ஜன்னலோர சீட்டு கிடைச்சிருக்காம். உங்க கார் தெருமுனையில திரும்பினப்பதான் அவ பின்பக்கப் படியில இறங்கினா. ஸ்டேஷன் இங்கேர்ந்து கூப்பிடு தூரம், நீங்க வண்டியத் திருப்பியிருந்தா பிடிச்சிருப்பீங்க. அதான் இத்தனை பேச்சும். பாத்ரூம்ல யாரும் இல்ல. போய்ப் பாத்துக்கோங்க.

கத்தாதீங்க, கீழ் வீட்ல கைக்குழந்தை தூங்குது. ஓடிப் போகலை அவ, வேலைக்குப் போயிருக்கா. பெரிய நாத்துப் பண்ணை. இதே நார்த்தூள்ல ஆயிரக்கணக்குல நாத்து விடுறாங்களாம், விதை முளைக்க வைக்கிற ரூமுக்கு அவதான் பொறுப்பு. இந்த ரெண்டு வருஷமா எது செத்துச்சு, எது பொழைச்சுதுன்னு எழுதி வச்ச நோட்டக் கொண்டு போய்க் காட்டியிருக்கா, அங்கேயே எடுத்துக்கிட்டாங்க. எந்த ஊருன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அடிச்சாலும் சொல்ல மாட்டேன். வயசு இருபத்தொண்ணு, அவளா மனசு மாறிச் சொன்னா உங்க மாப்பிள்ளையக் கூட்டிட்டு வாங்க.

அப்பாவ ஏன் இழுக்குறீங்க? அவருக்கு எதுவும் தெரியாது. பத்தாவது பாதியில என்னை நிறுத்தினப்பவும் அவரு வாசல்லயேதான் நின்னாரு. நீங்கதான் உள்ள வந்து, ஹெட்மாஸ்டர் நீட்டின காயிதத்துல கையெழுத்துப் போட்டீங்க. வர்ற வழியில எனக்கு முட்டாய் வாங்கிக் குடுத்தீங்க, ஞாபகம் இருக்கா? என்ன நடந்துச்சுன்னு தெரியாம, சப்பிக்கிட்டே வந்தேன்.

அவ அங்க தங்கப் போற ஹாஸ்டல் படிவத்துலயும் கார்டியன்னு ஒரு கோடு இருந்துச்சு பெரியப்பா. அப்பாகிட்ட நீட்டியிருந்தா அவரு உங்க மூஞ்சியப் பாத்திருப்பாரு. அதனால நான் போட்டுட்டேன். எழுதி எத்தனை வருஷமாச்சு, கொஞ்சம் கோணலாத்தான் வந்துச்சு. பத்தாவது முடிக்காதவ போட்டா செல்லுமான்னு போன் பண்ணிக் கேட்டேன். செல்லும்னுட்டாங்க.