பின்னால் ஓர் ஆள் நிற்கட்டும்

ஊறுகாய்க் கடையை மூடிய கையோடு வந்து, தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் கடைத்தெருச் சங்கத் தலைவர் குராதா அவர்களே! முழங்காலில் பட்டையும் முகத்தில் புன்னகையுமாய் முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த ஆட்டக்காரர்களே! பிள்ளை எங்கே போய்த் தொலைந்தான் என்று தேடிவந்து, தேநீர் கொடுத்ததால் உட்கார்ந்துவிட்ட தாய்மார்களே! திரையில் அம்பு ஏறினால் தரையில் கால் இறங்கும் என் ஆட்டக்கூடத்து உறவுகளே! உங்கள் அனைவருக்கும் இந்த மொரிசேயின் வணக்கம். தொப்பை இடம்கொடுத்த அளவுக்குக் குனிந்திருக்கிறேன்.

நாணயம் போட்டு, திரையில் ஏறும் அம்புக்கேற்பக் காலால் மிதித்து ஆடும் அந்த நடன இயந்திரத்தில் நான் ஏறினால், பாட்டு தொடங்குமுன்னே திரை 'தோல்வி' என்று எழுதிவிடுகிறது. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிடுவீர்கள்.

நாகுமோவை அறியாதவர் இங்கே யார்? பார்சல் வண்டி ஓட்டுபவன். நம் அமகாசாகி நகரில் அவனை வெல்லக் கால் கிடையாது. இன்றோ முதுகில் தையலோடு மருத்துவமனையில் கிடக்கிறான். வலது கால் தன்னுடையதா, பக்கத்துக் கட்டில்காரருடையதா என்பது அவனுக்கே தெரியவில்லை.

அவனைக் கிடத்தியது எது? இயந்திரமா? இல்லை! இசையா? இல்லை! மரியாதை! நம்முடைய மரியாதை!

நம் வழக்கம் என்ன? பின்னால் ஆள் நின்றால், ஆட்டம் முடிந்ததும் இறங்குவோம், தலைகுனிவோம், வரிசையின் வாலுக்குப் போவோம். ஆள் இல்லையென்றால் மட்டுமே அடுத்த நாணயம். கூடம் நிறைந்திருந்த காலத்தில் அந்த வரிசையே நமக்கு வைத்தியர்! நின்றோம், மூச்சு வாங்கினோம், தண்ணீர் குடித்தோம், ஆடுகிறவனைக் கேலி செய்தோம். ஓய்வென்று தெரியாமலே ஓய்ந்தோம். இப்போது கூடம் காலி. நாகுமோ ஆடி முடிப்பான், திரும்பிப் பார்ப்பான், வெறுந்தரைக்கு ஒரு வணக்கம் வைப்பான், அடுத்த நாணயத்தைப் போடுவான்!

அன்று நடந்ததை எனக்குச் சொன்னவர் எதிர்ச் சலவைக்கடை ஓபாத்தா அக்கா. அவர் வாய்க்குத் தப்பிய செய்தி இந்தத் தெருவில் இல்லை. களைத்த நாகுமோ, இயந்திரத்தின் பின்னாலிருக்கும் கம்பியை இரு கையாலும் பற்றிக்கொண்டானாம். உடல் பின்னே தொங்க, இடுப்பு வில்லாய் வளைய, குதிகால் சம்மட்டியாய் இறங்க, மணிக்கணக்காய் ஆட்டம். அக்கா வாசலில் நின்றபடியே கேட்டாராம்:

"ஏன்டா, வலிக்கலையா?"

"காலையில வலிச்சுதுக்கா. இப்ப மரத்துப்போச்சு. ஜாலியா இருக்கு."

"அப்புறம் எதுக்கு நாலு தடவ கக்கூஸுக்கு ஓடுன?"

"போனா வரமாட்டேங்குது. எல்லாம் வேர்வையா ஓடிருச்சு போல. நேரம் மிச்சம்!"

இருவரும் சிரித்தார்களாம்.

தாய்மார்களே, மன்னியுங்கள், இது கொச்சைப் பேச்சல்ல. முதுகு வலித்து, கால் மரத்து, உட்காரும் இடம் உணர்விழந்து, சிறுநீர் அடைத்தால், உள்ளே நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கலாம். அந்த நிமிடமே மருத்துவமனை! அவனோ மறுநாள் பார்சல்களைக் கொடுத்து முடித்துவிடலாம் என்று பொறுத்தான். பார்சல்கள் போய்ச் சேர்ந்தன. கால் திரும்புமா? "சொல்ல முடியாது" என்கிறார் மருத்துவர். கால் இல்லாமல் வண்டி ஏது? வண்டி இல்லாமல் வீட்டில் சோறு ஏது?

இந்த நிலையில் நம் ஆட்டக்குழு அறிவித்திருப்பது என்ன? நாகுமோவுக்காக ஓயாத தொடர் ஆட்டம்! அடடா! வீடு தீப்பிடித்தவனுக்குத் தீப்பந்தம் பரிசு!

என்ன அங்கே சத்தம்? நம் வெற்றி வீராங்கனை கோதோனேயா? "நாகுமோ அண்ணனுக்காகத்தானே ஆடறோம்! உங்களால முடியலன்னா சும்மா இருங்க மொரிசே சான்!" என்கிறாயா? என்னால் முடியாதுதான், தாயே. என் கால்கள் என்னைக் கேட்காமலே ஓய்வு பெற்றுவிட்டன. ஆனால் நேற்று நாகுமோவைப் பார்த்தேன். அவன் சொன்னான்: "எனக்காக ஒருத்தரும் ஆட வேணாம் பெரிசு. பின்னாடி வந்து நிக்கச் சொல்லு. அன்னிக்கு ஒரு ஆள் நின்னிருந்தா இறங்கியிருப்பேன்."

ஓர் ஆள்! ஒரே ஓர் ஆள்!

ஆகவே கேட்கிறேன். ஆடத் தெரியாதவரும் பின்னால் போய் நில்லுங்கள். யாருமே இல்லையா? தண்ணீர்ப் புட்டியை நிறுத்திவைத்து, அதற்கு மரியாதை கொடுத்தாவது இறங்குங்கள்! ஏறுமுன் உடம்பைச் சூடாக்குங்கள். முழங்கால் இளகட்டும், வயிறு லேசாய் இறுகட்டும். காலை உயரத் தூக்கி இடிக்காமல், தரைக்கருகே வைத்து மெல்லப் பதியுங்கள். கம்பி இருப்பது விழாமல் காக்க, தொங்குவதற்கல்ல. அதில் தொங்கத் தோன்றினால் நீங்கள் களைத்துவிட்டீர்கள். அங்கேயே நிறுத்துங்கள்!

தலைவர் தலையசைத்துவிட்டார். தொடர் ஆட்டம் கிடையாது! கைதட்டல் பிறகு. ஒரு கேள்வி மட்டும் பாக்கி. முதுகு வலியோடு கால் மரத்தவர் யாராவது இந்த அரங்கில் உண்டா? வெட்கப்படாமல் கை தூக்குங்கள்.

யாருமில்லையா? நல்லது.

...கோதோனே?

எப்போதிருந்தம்மா? உரக்கச் சொல். "காலையிலேர்ந்து... நீங்க சொன்ன அதேதான் மொரிசே சான். நானும் வேர்வைன்னுதான் நெனச்சேன்" என்கிறாயா?

குராதா சான், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்! இப்போதே! தாய்மார்களே, நாற்காலிகளை நகர்த்தி வழிவிடுங்கள். வந்தவர்களுக்கு நன்றி, கேட்டவர்களுக்கு நன்றி, பேச்சு முடிந்தது, வணக்கம்.

எழுந்திருக்காதேம்மா. அப்படியே இரு. நான் இறங்கி வருகிறேன்.